எழுதாமல் விட்ட குறி

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இறந்துபோன ஒரு மனிதர், தான் எழுதிய இசைத்தாளில் ஒரு சின்னக் குறியைப் போட மறந்தாரா, இல்லை வேண்டாம் என்றே விட்டாரா?

எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. விடை தெரியாத இந்தக் கேள்விக்காக, கைக்கு எட்டிய நிரந்தர வேலையைத் தள்ளிவிட்டவள் நான். செய்தது சரிதானா என்று வாரத்துக்கு ஒரு முறையாவது யோசிக்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் மட்டும் வருவதில்லை.

காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் பியானோ கிடையாது, சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் அட்டையில் கட்டைகள் வரைந்து ஒட்டிப் பழகினேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அந்த அட்டையைப் பற்றி நிறையப் பேர் விசாரித்திருக்கிறீர்கள். அதில் நான் பழகிய ஒரே ஒரு பக்கத்தின் கதை இது.

தேர்வு நடந்தது கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவின் மாடியறையில். மழை நின்றிருந்தது. ஜன்னலை ஒட்டிய மரம் மட்டும் தன் பங்குக்கு இன்னும் பெய்துகொண்டிருந்தது. மேஜைமேல் ஒரு சின்ன மணி, ஒரு ஃபிளாஸ்க், தட்டில் பாதி கடித்த பிஸ்கட். மேஜைக்குப் பின்னால், வருடத்துக்கு ஒரு முறை வெளிநாட்டிலிருந்து வரும் தேர்வாளர். நெட்டையான மனிதர். அவருடைய முழங்கால்கள் அந்த மேஜைக்கு அடியில் அடங்கவில்லை.

அது பியானோ கற்றுத் தருபவர்களுக்கான டிப்ளமா. நான் அப்போது ஒரு பள்ளியில் தற்காலிகப் பாட்டு டீச்சர். டிப்ளமா கைக்கு வந்தால் நிரந்தரம் என்று பிரின்சிபல் சொல்லியிருந்தார். தேர்வில் சிறிய இசைத்துண்டு ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டும், பிறகு அதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்லித் தருவேன் என்று விளக்க வேண்டும்.

கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் உட்கார்ந்து வாசித்தேன். இடது தோளில் என் மகள் அனு கக்கிய பாலின் கறை. அதை முந்தானையால் மூடியிருந்தேன். ஒரே பக்கம்தான். வாசித்து முடித்துக் கையை மடியில் வைத்தேன்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். முதல் வரியின் முடிவில் ஒரு ஃபிளாட் குறி இருக்கிறதே, பதற்றத்தில் மறந்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதட்டிக் கேட்கவில்லை, பரிவாகத்தான் கேட்டார். தப்பிப்பதற்கு அவரே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராகவும் இருந்தது.

ஏன் அவ்வளவு தயாராக இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கறுப்புப் பொட்டு

அனுவுக்கு அப்போது ஒன்றேகால் வயது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அல்சூரில் மூத்த மகன் வீட்டில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே கண் குழந்தையின் கன்னத்துக்குப் போகும்.

“பொட்டு வைக்க மறந்துட்டியா?”

நான் மறக்கவில்லை. மை பட்ட இடமெல்லாம் அனுவுக்குச் சிவந்து தடித்தது. அதனால்தான் வைக்கவில்லை. ஆனால் நான் சொல்வது, “மறந்துட்டேன் அத்தை.” அவர் சிரித்துக்கொண்டே மைச்சிமிழை எடுத்துத் தானே வைத்துவிடுவார். திங்கட்கிழமை முழுவதும் நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன்.

என் கணவர் சுந்தரும் அப்படித்தான். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அலுவலகத்திலிருந்து போன் செய்வார். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்துட்டியா என்பார். நான் காலையிலிருந்து எட்டு முறை டயல் செய்து, லைன் கிடைக்காமல் விரல் வலித்துப் போயிருக்கும். இருந்தாலும் மறந்துட்டேன் என்பேன். பரவாயில்லை விடு என்பார். பேச்சு முடிந்துவிடும்.

மறதியை எல்லாரும் மன்னிப்பார்கள். வேண்டாம் என்று விட்டதை யாரும் மன்னிப்பதில்லை. கல்யாணமான மூன்று வருடங்களில் நான் கற்றுக்கொண்ட தந்திரம் இது ஒன்றுதான்.

சொல்லப்போனால், பியானோவே எனக்கு இப்படித்தான் வந்தது. வேலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் படித்தேன். ஒரு நாள் கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை. செய்யப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மறந்துவிட்டேன் சிஸ்டர் என்றேன். தண்டனையாக, வரவேற்பறை பியானோவை ஒரு மாதம் தூசி தட்டச் சொன்னார்கள். தட்டும்போது கட்டைகள் சத்தம் போட்டன. சத்தத்தை நிறுத்துவதற்குப் பதிலாக எனக்கே கற்றுக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் வீணை கற்க வேண்டிய பெண் ஒரு பொய்யால் பியானோவுக்குப் போனாள்.

ஒரு பக்கம், ஐந்து பத்தி

அந்த இசையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பியானோ தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். மெதுவாக, கனமாக நடக்கும் இசை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் காலடி போல ஒவ்வொரு கூட்டாக விழும். பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் அழுத்துவதைத்தான் கூட்டு என்கிறேன்.

சண்டை முழுவதும் முதல் வரியின் கடைசிக் கூட்டில். அதில் ஒரு ஸ்வரத்துக்கு முன்னால் ஃபிளாட் என்ற குறி உண்டா, இல்லையா? ஃபிளாட் ஒரு ஸ்வரத்தை அரைப்படி இறக்கும். பார்ப்பதற்கு ஒரு சின்னக் கோடும் அதன் காலடியில் ஒரு வயிறும் இருக்கும். நம் சங்கீதத்தில் சொன்னால், சாதாரண காந்தாரமா அந்தர காந்தாரமா என்கிற அளவுதான் வித்தியாசம். குறி இருந்தால் அந்த வரி துக்கத்திலேயே முடியும். இல்லாவிட்டால், அந்தக் கடைசிக் கூட்டில் மட்டும் சட்டென்று வெளிச்சம் வரும். அடுத்த வரியில் அது போய்விடும்.

எங்கள் பள்ளியின் மூத்த பாட்டு டீச்சர் மெர்சி அக்காவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. கன்டோன்மென்டில் பியானோ கற்றவர்களில் பாதிப்பேர், மெர்சி அக்கா புத்தகத்தின் ஜெராக்ஸில்தான் கற்றார்கள். என்னிடமும் அதுதான் இருந்தது. அச்சான அந்த ஃபிளாட் குறியைச் சுற்றி நீலப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் ‘மறக்காதே’ என்று அக்கா எழுதியிருந்தார். ஜெராக்ஸில் நீலம் சாம்பலாகிவிடும். நகலுக்கு நகல் எடுத்து வாசித்த கடைசிப் பிள்ளைவரை அந்தச் சாம்பல் ‘மறக்காதே’ போய்ச் சேர்ந்திருந்தது.

டிப்ளமாவுக்கு ஒரு கட்டுரையும் எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். நான் கடமை தவறாதவள். ஐந்து பக்கம் போதும் என்றால் பன்னிரண்டு எழுதுவேன். அந்த ஒரு பக்க இசை எழுத்திலிருந்து அச்சுக்கு எப்படிப் போனது என்று ஒப்பிட்டு எழுதத் தீர்மானித்தேன். கன்டோன்மென்டில் ஒரு வெளிநாட்டு மொழி நூலகம் இருந்தது. அங்கே அந்த இசைக்காரரின் கையெழுத்துத் தாள்களை அப்படியே படம் பிடித்துப் போட்ட தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. பின்பகுதியில், அந்தக் காலத்தில் இரண்டு நகரங்களில் வந்த முதல் அச்சுகளின் படங்களும் இருந்தன. புத்தகத்தை வெளியே தர மாட்டார்கள். ஆனால் ரேஷன் கார்டை ஈடாக வைத்தால், எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் எடுக்க அரை மணி நேரம் தருவார்கள்.

ஒரு கையில் அனு, ஒரு கையில் புத்தகம். ஜெராக்ஸ் கடை பாஷா பாய் ஏழு பக்கம் எடுத்துக் கொடுத்தார். கூடவே, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்காக அனுவின் பிறப்புச் சான்றிதழையும் ஆறு நகல் எடுத்தேன். அனு அழ ஆரம்பித்துவிட்டாள். எதையும் சரியாகப் பார்க்காமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டில் ஒரு நோட்டில் ஐந்து பத்தி கோடு போட்டேன். கையெழுத்துத் தாளில், அந்த இடத்தில் மங்கலாக ஒரு குறி: உண்டு. முதல் நகரத்து அச்சு: இல்லை. இரண்டாவது நகரத்து அச்சு: இல்லை. அவரிடம் பாடம் கற்ற ஒரு பெண்மணியின் சொந்தப் பிரதி: பென்சிலால் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் தேர்வுப் புத்தகம்: உண்டு.

எவ்வளவு சுத்தமான விடை. அவர் எழுதினார், அச்சுக்காரர்கள் கோட்டைவிட்டார்கள், பிறகு மாணவியின் பிரதியில் அது திருத்தப்பட்டது. மெர்சி அக்கா சொன்னதுதான் சரி. அப்படியே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பாஷா பாயின் கண்ணாடி

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ரேஷன் ஆபீஸ் மனுவுடன் இணைக்க அனுவின் பிறப்புச் சான்றிதழ் நகலை எடுத்தேன். தகப்பனார் பெயருக்குச் சற்று மேலே ஒரு குறி. ஒரு சின்னக் கோடு, காலடியில் ஒரு வயிறு.

மற்ற ஐந்து நகலையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இடம், அதே வயிறு.

கையெழுத்துத் தாளின் நகலை எடுத்து, சான்றிதழ் நகலின்மேல் வைத்து, இரண்டையும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்தேன். வெளிச்சத்தில் இரண்டு குறியும் ஒன்றாகிவிட்டன. என் மகள் பிறந்த செய்தியிலும் ஒரு ஃபிளாட்.

மறுநாளே பாஷா பாய் கடைக்குப் போனேன். அவர் மெஷின் மூடியைத் தூக்கி, கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தார்.

“இதாம்மா. ஒரு முடி, அதுமேல பசை. எப்பவோ ஒட்டிக்கிச்சு.”

“இதைத் துடைக்க மாட்டீங்களா பாய்?”

“தொடச்சேன், போவல. யாரும் கம்ப்ளைன்ட் பண்ணல. ரேஷன் கார்டு, டீசி, கல்யாணப் பத்திரிகை, எல்லாத்துலயும் கீது அது. நீதான் மொத ஆளு.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏம்மா, அந்தப் பாட்டுக்காரர் போட்டதுன்னு நெனச்சிட்டியா?”

தலையாட்டினேன். அவருக்கு அன்று முழுவதும் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்தது. பிளேடால் சுரண்டினார். இரண்டே சுரண்டலில் போய்விட்டது.

நேரே நூலகத்துக்குப் போனேன். படிக்கும் அறை வாசலில் இருந்தவர் குழந்தையை உள்ளே விட முடியாது என்று கன்னடத்தில் சொன்னார். அழுதா நானே வெளியே வந்துடறேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லிக்கொண்டே உள்ளே நடந்துவிட்டேன். அப்படி நான் எங்கும் நடந்ததில்லை. அனுவும் என்ன நினைத்தாளோ, வாயே திறக்கவில்லை.

புத்தகத்தைத் திறந்து, அந்த இடத்தில் விரலை வைத்தேன். மற்ற இடங்களில் அவருடைய பேனா கீறியிருந்தது, அடித்திருந்தது, அடித்ததன்மேல் மறுபடி எழுதியிருந்தது. பொறுமையில்லாத கை. ஆனால் அந்த ஸ்வரத்துக்கு முன்னால் வெறும் காகிதம். அடித்த தடயம்கூட இல்லை.

என் நோட்டின் முதல் பத்தியில் ‘உண்டு’ என்பதை அடித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையில் பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் பொய்யாகிவிட்டது.

வாசித்துவிட்டு வா

மெர்சி அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். பள்ளியின் பியானோ அறையில், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்.

“கட்டுரை போயாச்சு. புத்தகத்துல குறி இருக்கு. உன் கட்டுரையிலயும் இருக்கு. இப்ப போய் குறி இல்லாம வாசிச்சா, ரெண்டுல ஒண்ணு தப்புன்னு நீயே காட்டிக் குடுக்கற மாதிரி ஆகும். பேசாம வாசிச்சிட்டு வா. பெர்மனென்ட் ஆனப்புறம் உன் ஆராய்ச்சிய வச்சுக்கோ.”

“அவர் எழுதலையே அக்கா.”

“எழுத மறந்திருப்பாருடி. அந்த மாணவி புத்தகத்துல போட்டிருக்கே, அது பொய்யா?”

அது பொய்யில்லை. என்னை இன்றுவரை விடாமல் அரிப்பதும் அந்தப் பென்சில் குறிதான். அதைப் போட்டது அவருடைய கையா, அந்தப் பெண்மணியின் கையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் இப்படிக் குறிகளை விட்டுவிடுகிற ஆள்தான் என்று அந்தத் தடிப் புத்தகத்தின் முன்னுரையே சொல்கிறது. ஆக, மெர்சி அக்கா சொல்வது சரியாகவே இருக்கலாம்.

சுந்தரிடம் சொன்னேன். அவர் அனுவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்வரம்தானே என்றார். பிறகு, நான் முகத்தைத் திருப்பியதைப் பார்த்துவிட்டு, எனக்குச் சங்கீதம் தெரியாதும்மா, உனக்குச் சரின்னு பட்டதைச் செய், ஆனா வேலையையும் கொஞ்சம் நினைச்சுக்கோ என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வழக்கம் அது.

அன்று மாலை அட்டைக் கட்டைகளின்முன் உட்கார்ந்தேன். சத்தமில்லாத கட்டைகள். குறியோடு ஒரு முறை, குறியில்லாமல் ஒரு முறை. சத்தமில்லாததால் இரண்டும் இன்னும் துல்லியமாகக் கேட்டன. குறியோடு வாசித்தால், எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தது. குறியில்லாமல் வாசித்தால், சாவு வீட்டில் யாரோ ஒரு பெண் எழுந்துபோய், யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. அடுத்த வரியில் யாரோ அதைச் சாத்திவிடுகிறார்கள். ஆனால் திறந்தது திறந்ததுதான்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. ஒரு வேளை அந்த மாணவி, ஐயா, இங்கே ஒரு குறி விட்டுப்போயிருக்கிறதே, மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருப்பாள். வேண்டுமென்றுதான் விட்டேன் என்றால் அவளுக்கு விளக்க வேண்டும். வாதாட வேண்டும். பாடத்துக்கு அடுத்த பிள்ளை வாசலில் காத்திருக்கும். ஆமாம் அம்மா, மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பென்சிலை எடுத்திருப்பார்.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்வதைத்தானே அவரும் செய்திருப்பார்? இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் என்னால் நம்ப முடிந்தது.

ஜன்னலோரம்

இப்போது மறுபடி அந்த மாடியறை. மரம் சொட்டுகிறது. தேர்வாளர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

மறக்கவில்லை என்றேன். வேண்டும் என்றுதான் விட்டேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். நான் அனுப்பிய கட்டுரையில் ஒரு தவறு இருக்கிறது, கையெழுத்துத் தாளில் குறி இருப்பதாக எழுதினேன், அது ஜெராக்ஸ் கண்ணாடியில் ஒட்டிய முடி என்றேன். அனுவின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதைப் பார்த்து அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பா, கோபமா, தெரியவில்லை.

குறி இல்லாமல்தான் அந்த இசைக்காரர் நினைத்தார் என்பது உங்களுக்கு நிச்சயமா என்று கேட்டார்.

நிச்சயமில்லை என்றேன். ஆனால் அவர் எழுதியது எனக்குத் தெரியும், நினைத்தது தெரியாது. தெரிந்ததை வாசித்தேன்.

அவர் எதையோ எழுதினார். மணியை அடித்தார். வெளியே வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கீழே சுந்தர், அனுவை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்றார். கதையை அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் காக்ஸ் டவுன் வந்துவிட்டது.

முடிவு சில வாரங்களில் வந்தது. தேறவில்லை. கட்டுரையும் வாசிப்பும் ஒன்றுக்கொன்று முரண் என்று எழுதியிருந்தார். அச்சில் உள்ள குறியை மதித்திருக்க வேண்டும் என்றும், விண்ணப்பதாரர் தன் பிழையை உறுதியோடு நியாயப்படுத்தினார் என்றும் எழுதியிருந்தார். அந்த ‘உறுதியோடு’ என்ற வார்த்தையை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வருடம் நிரந்தர இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. மெர்சி அக்கா ஒரு மாதம் என்னோடு சேர்ந்து டீ குடிக்கவில்லை. ஒரு முடிக்காக வேலைய விட்டவ என்று ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பெயர் வந்தது.

முடிவு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அத்தை வழக்கம்போல் வாசலிலேயே கேட்டார். “பொட்டு வைக்க மறந்துட்டியா?”

“மறக்கல அத்தை. வேணும்னுதான் வைக்கல. மை அவளுக்கு ஒத்துக்கல.”

அத்தை என்னைப் பார்த்தார், சுந்தரைப் பார்த்தார். சுந்தர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிய அத்தை, அடுத்த இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். கையில் ஒரு பொட்டலம். உள்ளே சந்தனக்கட்டையும் சின்னக் கல்லும். அவரே சந்தனம் இழைத்து, அனுவின் கன்னத்தில் வைத்தார். கன்னம் தடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும்.

அடுத்த வருடம் மறுபடி தேர்வு எழுதினேன். புதுக் கட்டுரை, ஐந்து பத்தியும் திருத்தி, பாஷா பாய் கண்ணாடியின் கதையையும் சேர்த்து. வாசிக்கும்போது மறுபடி குறியை விட்டேன். அந்த முறை வேறு தேர்வாளர், ஒரு வயதான அம்மாள். அந்த இடத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பெடலை நான் காலால் மிதித்த விதம் சுத்தமாக இருந்தது என்று எழுதித் தேற்றிவிட்டார். முந்தின வருடம் தோற்றதைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது. யாருமே கவனிக்காத இடத்துக்கா இத்தனை பாடு?

ஆமாம், அதற்குத்தான். மறுபடியும் அதையேதான் செய்வேன்.

அனுவின் பென்சில்

அனுவுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம்தான் வீட்டுக்குப் பழைய பியானோ ஒன்று வந்தது. ஈரத்தில் இரண்டு கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. அட்டையை அனு கழற்ற விடவில்லை. மேஜையில் இன்னும் இருக்கிறது.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு அவளுடைய மிஸ் தேர்ந்தெடுத்திருக்கும் இசை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஒரு பக்கம்தான். புதிதாக வாங்கிய புத்தகத்தில் ஃபிளாட் பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. நடுவர், ஓய்வு பெற்றுவிட்ட மெர்சி அக்கா. அக்காவின் காது இன்னும் கூர்மை. அந்த ஒரு கூட்டில் அனுவின் பரிசு போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் ஆறு மாதமாக இதற்காக உழைக்கிறாள். தூக்கத்தில்கூட விரல் அசைகிறது.

எனக்காக நான் துணிந்தேன். அது என் வேலை, என் தோல்வி. அவளுடையதை எடுத்து அதே மாதிரி பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை? அதனால், இந்தப் பழைய கதை எதையும் அவளிடம் சொல்லாமல், புத்தகத்தில் உள்ளபடி வாசி என்றுதான் முதலில் சொன்னேன்.

அவள் வாசித்தாள். ஆனால் எத்தனையோ சாயங்காலம் பள்ளிப் பியானோவில் நான் வாசித்துக் கேட்டவள். முதல் வரியின் முடிவில் கையை நிறுத்தினாள்.

“நீ வாசிக்கும்போது இங்க வேற மாதிரி இருக்குமே ம்மா?”

முழுக்கதையையும் சொன்னேன். ஜெராக்ஸ் முடி வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் பிறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துக் காட்டச் சொன்னாள். பிறகு இரண்டு விதமாகவும் நாலைந்து முறை வாசித்துப் பார்த்தாள்.

“குறி இல்லாததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.”

“மெர்சி ஆன்ட்டி மார்க் குறைப்பாங்க அனு.”

“நீ கவலைப்படாதம்மா.” பெரிய மனுஷி மாதிரி என் கையைத் தட்டிக் கொடுத்தாள். “ஆன்ட்டி கேட்டா, மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன். அப்படிச் சொன்னா யாரும் திட்ட மாட்டாங்க.”

எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை. போன வாரம்தான் சுந்தரின் அக்கா போன் செய்து, கிருகப்பிரவேசத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். போகப் பிடிக்காமல்தான் போகவில்லை. தேதியை மறந்துட்டேன் அண்ணி என்று நான் சொன்னபோது, அனு பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பென்சில் இப்போது பியானோவின்மேல் இருக்கிறது. புத்தகம் அந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது. அச்சான குறியை அடிக்கட்டுமா ம்மா என்று அனு தினமும் கேட்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்.

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. குறியோடு வாசித்துப் பரிசை வாங்கிக்கொள் என்று சொல்லட்டுமா? குறியை விட்டுவிட்டு, கேட்டால் வேண்டுமென்றுதான் விட்டேன் என்று மெர்சி அக்கா முகத்தைப் பார்த்துச் சொல் என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லட்டுமா? மறந்துட்டேன் என்று மட்டும் அவள் சொல்லக் கூடாது. அது ஒன்றில்தான் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

பிள்ளைகளை வளர்த்தவர்கள், வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது எழுதுங்கள். போஸ்ட் கார்டு போதும்.